கைக்கெட்டாத கியர்த் தண்டு

பண்டிதன் ஒருவன் மோட்டார் வண்டியின் கியர்த் தண்டைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்கள் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேடும் பள்ளமுமான வழியிலே செல்லும் உப்பு வணிகர், இடையில் யாது நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியிலே மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியை ஔவையார் புறநானூற்றிலே உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு அவருக்குக் கிடைத்த பொருள் அந்த அச்சுத்தான். அச்சுக்குத் தமிழில் இடமுண்டென்றால் கியர்த் தண்டுக்கும் உண்டு. எங்கள் சப்பிரகமுவ மலைப்பாதைகளிலோ அது உயிரோடு தொடர்புடைய பொருளாகவும் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பலாங்கொடைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலே என்னிடம் தமிழ் படித்த பெண்ணொருத்தி, பழைய யப்பானியக் காரொன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறாள். நள்ளிரவில் எந்த லயத்திலிருந்து யார் வந்து கதவைத் தட்டினாலும் புறப்படுவது அவளுடைய கார்தான். அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவரோடு நானும் அதில் ஏறிச் சென்றேன். மூன்றாவது வளைவிலே வண்டி திணறியது. இரண்டாவது கியரிலிருந்து முதலாவதற்கு மாற்ற அவள் முயன்றாள். தண்டு நடுவிலே நின்றுவிட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. மலைப்பக்கத்துக் கரையில் பின்புறம் இடித்து நின்றதனால் பிழைத்தோம். மறுபக்கம் உருண்டிருப்போமாயின் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பின்னால் வந்த கொழுந்து லொறிக்காரர் தலையை நீட்டி, “பொம்பளப் புள்ளைக்கு மலையில ஓட்ட வருமா?” என்றார். அவள் அவருக்கு விடை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “ஒன்னுக்குப் போகல சேர். கை எட்டல,” என்றாள்.

கை எட்டவில்லை என்னும் அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மறுநாட் காலையிலே பாடசாலை அளவுகோலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குள்ளமானவள். கிளச்சை முழுவதும் மிதிப்பதற்காக ஆசனத்தை முன்கோடி வரை தள்ளியிருந்தாள். ஸ்டியரிங்குக்கு மேலாகப் பாதை தெரிவதற்காக ஒரு தலையணையையும் போட்டிருந்தாள். இவ்விரண்டினாலும் நேர்ந்த விளைவை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆசனம் முன்னே போனபோது தண்டு பின்னே போயிற்று. தலையணை அவளை உயர்த்தியபோது தண்டு தாழ்ந்து போயிற்று. இரண்டாவது கியரில் நிற்கும்போது குமிழ் அவள் முழங்கைக்கும் பின்னே, இடுப்புக்குக் கீழே கிடந்தது. அங்கிருந்து முன்னே தள்ளுவதற்குத் தோளில் வலு இல்லை. அதுவும் இடது தோள். இந்நாட்டிலே சாரதி வலப்பக்கம் அமர்வதனால், பெரும்பாலார்க்கு வலுக் குறைந்த கைதான் கியரை மாற்றவேண்டியிருக்கிறது. சமதரையில் இக்குறை தெரியாது. ஏற்றத்தில், மழையில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வளைவிலே திரும்பும்போதுதான் தெரியும்.

அவள் ஏன் குள்ளமானாள் என்பதும் எண்ணத்தக்கது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் அடையாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்திலே 31.7. பள்ளியில் முன்வரிசையில் அமர்த்தவேண்டிய பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்று முப்பது ஆண்டாக நான் கண்ணாற் கண்டதைத்தான் அவ்வெண் சொல்கிறது. பட்டினி உடம்பிலே எழுதிய கணக்கு அது. அந்த உடம்போடு வளர்ந்தவர்கள், வேறொரு நாட்டார் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த ஆசனத்தில் அமர்ந்து, எட்டாத தண்டை எட்டிப் பிடிக்கிறார்கள். தவறினால், ஓட்டத் தெரியாதவர் என்ற பெயரும் அவர்களுக்கே.

பெல்மதுளைப் பக்கத்துக் கடைசற் பட்டறை ஒன்றுக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்குள்ள பாஸ் சிங்களவர், முதியவர். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்திலே நெம்பின் தத்துவத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, அவளை ஆசனத்தில் அமரச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கியரை மாற்றும்படி சொன்னார். அவள் தோள் எங்கே பின்வாங்குகிறதென்று மட்டும் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் நோய் விளங்கிவிட்டது. நான் அளவுகோலோடு அரைநாள் செலவிட்டிருந்தேன்.

எங்கள் விஞ்ஞான நூல்களிலே நெம்புக்குப் பொறுதி, சுமை, எத்தனம் என்று மூன்று உறுப்புக் கூறுவர். எத்தனம் எத்துணை மிச்சமாகிறது என்பதைப் ‘பொறிமுறை நயம்’ என்பர். கவிதைக்கே உரியதென நாங்கள் வைத்திருந்த நயம் என்னும் சொல்லைப் பொறிக்கும் ஈந்த மொழிபெயர்ப்பாளர் வாழ்க! கியர்த் தண்டும் ஒரு நெம்பே. பொறுதிக்கு மேலே 30 சென்றிமீற்றரும் கீழே 6 சென்றிமீற்றரும் உள்ள தண்டொன்றை எடுத்துக்கொள்வோம். அடிநுனி 1 சென்றிமீற்றர் நகர்வதற்குக் குமிழ் 5 சென்றிமீற்றர் நகரவேண்டும். மேலே 5 சென்றிமீற்றர் கூட்டினால் வீச்சு ஆறிலொரு பங்கு கூடும். கைக்கு வேண்டிய பலமோ ஏழிலொரு பங்கு குறையும். மாறாக 5 சென்றிமீற்றரை வெட்டினால் வீச்சு ஆறிலொரு பங்கு சுருங்கும். பலம் ஐந்திலொரு பங்கு கூடுதலாக வேண்டும். உயரத்தைத் தொடாமல் வீச்சை மட்டும் சுருக்குவதும் உண்டு. பொறுதிக்குக் கீழுள்ள பாகத்தை 6இலிருந்து 7.5 ஆக்கினால் குமிழ் 4 சென்றிமீற்றர் நகர்ந்தாற் போதும். அப்போதும் பலம் காற்பங்கு கூடுதலாகவே வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தேயாகவேண்டும்.

பாஸ் முதலிலே 10 சென்றிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டைக் கடைந்து, தண்டுக்கும் குமிழுக்கும் இடையே திருகினார். அது மிகை. மூன்றாவது கியருக்குத் தள்ளியபோது குமிழ் முன்பலகையில் முட்டியது. எஞ்சின் அதிர்வெல்லாம் கையில் ஏறியது. பாதியாகக் குறைத்து, சாரதியின் பக்கமாகச் சிறிது வளைத்துச் செய்தார், பொருந்திற்று. வெல்டிங் வைத்து நீட்டலாகாதோ என்று கேட்டேன். சூடு இறங்கினால் பொறுதியிலுள்ள பிளாஸ்ரிக் புஷ் உருகிவிடும் என்றார். திருகுபுரியிலும் கவனம் வேண்டும். ஹொண்டாவுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் திருகு, 1.5 புரியிடை, டொயோட்டாவுக்கு 12 மில்லிமீற்றர், 1.25 புரியிடை. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் ஏற்றத்தின் நடுவே குமிழ் கையோடு வந்துவிடும். திருகின் விட்டமளவுக்காவது புரி உள்ளே இறங்கி, அடியிலே பூட்டுச் சுரையும் இருக்கவேண்டும். ரிவர்சுக்குத் தூக்கும் வளையமுள்ள தண்டாயின், நீட்டிய பின்பும் அவ்வளையம் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்.

நாங்கள் நின்றபோதே இளைஞன் ஒருவன் வந்தான். அவனுக்குத் தண்டை அரைவாசியாக வெட்டவேண்டுமாம். ஏன் என்றதற்கு, “ஸ்போட்ஸ் கார் மாதிரி இருக்கும் சேர்,” என்றான். இலக்கணத்திலே அளபெடையும் உண்டு, குறுக்கமும் உண்டு. செய்யுளில் ஓசை குறைந்தவிடத்து அதை நிறைப்பதற்காக எழுத்து நீளும். ஐகாரம் தான் நிற்கும் இடம் நோக்கிக் குறுகும். காரணமின்றி நீட்டுவாரையும் குறுக்குவாரையும் நாங்கள் வகுப்பிலே பெஞ்சியின்மேல் ஏற்றிவிடுவோம். பலத்த கையும் சமதரையும் உடையவனுக்குக் குறுவீச்சு இன்பமாகலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் சுமையேற்றிக்கொண்டு மலையேறுகிறவனுக்கு அது வீண் பாரம். கைப்பலம் பற்றாமல் பாதி வழியில் நிற்கும் தண்டு என்ன செய்யும் என்பதை நான் கண்டேன்.

“தொழிற்சாலையார் செய்ததை நாம் மாற்றலாமா?” என்று கேட்பாரும் உளர். தொழிற்சாலையாரே மாற்றியிருக்கிறார்களே! 1952இல் புதிய எஞ்சின் பெற்ற மொரிஸ் மைனர் காருக்கு நீண்ட தண்டு கியர்ப்பெட்டியிலிருந்து நேராக எழுந்து நின்றது. 1956இல் வந்த மைனர் 1000இலே இடைப்பொறி ஒன்றைக் கூட்டி, கைக்கு அணுக்கமாகக் குறுந்தண்டை நிறுத்தினார்கள். 1959இல் வந்த மினிக்கு மந்திரக்கோல் போன்றதொரு நெடுந்தண்டு. 1961இன் மினி கூப்பருக்குக் குறுந்தண்டு. இந்த மைனர்கள் இன்றும் இரத்தினபுரித் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றின் முதலாவது கியருக்கு ஒத்திசைவு வளையமே கடைசிவரை அமைக்கப்படவில்லையாதலால், ஏற்றத்தில் முதலாவதற்கு இறங்கக் கையும் காலும் செவியும் ஒருங்கே வேலை செய்யவேண்டும். வண்டி இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்பும் புதிய காரின் விலை தோட்டத்தாருக்கு எட்டுவதன்று. எனவே இருக்கும் பழைய வண்டியை இருக்கும் உடம்புக்குப் பொருத்துவதே எங்களுக்குள்ள வழி.

சாரதி பயிற்றுவோரை நான் ஒன்று கேட்கிறேன். பிள்ளையை ஆசனத்தில் அமர்த்தியதும் கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்கிறீர்கள். இரண்டாவது கியரிலே முழங்கை எங்கே நிற்கிறதென்று பார்க்கிறீர்களா? தொழிற்பயிற்சி நிலையங்களும், கடைசல் பழகும் இளைஞருக்கு இச்சிறு துண்டைப் பிழையின்றிச் செய்யக் கற்பிக்கலாம். ஒரு முழப் பொழுதும் ஒரு சாண் இரும்பும் செலவாகாத வேலை இது. ஆயினும் அந்த முதிய பாஸைப் போன்ற சிலர் கையிலேயே அது தங்கியிருக்கிறது. எழுதி வைத்தார் எவருமில்லை.

அவள் இப்போது அந்த மூன்றாவது வளைவிலே தண்டைப் பாராமலே மாற்றுகிறாள். இன்னும் ஒரு வழக்கு மாத்திரம் தீரவில்லை. அவளுடைய அண்ணன் நெட்டையன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் காரை எடுக்கிறான். குமிழ் தன் முழங்காலில் இடிப்பதாக அவன் நாள்தோறும் சண்டை பிடித்தான். அதனால் சனிக்கிழமை இரவிலே அவள் துண்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். திங்கள் விடியுமுன் மறுபடி திருகிவிடுகிறாள். சுரையை இறுக்கும் சாவி மட்டும் அடிக்கடி காணாமற் போகிறதாம்.