கரண்ட் போனால் பேச்சும் போச்சு

இரவுச் சலுகைக் கட்டணத்துக்காகக் காத்திருந்து, எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதையே பார்த்துப் பேசிய தலைமுறைக்கு, வீட்டு ஃபைபர் இணைப்போடு ஏறக்குறைய இலவசமாக வரும் தொலைபேசி அதிசயம்தான். குரலும் டேட்டாவாகப் போவதால் தூரத்துக்குத் தனிக் காசு இல்லை. சரி, லாபம்தான். ஆனால் பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல்டோன் கேட்கும். ஃபைபரோ மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை. கரண்ட் போனால் மோடம் அணையும், போன் ஊமையாகும். (புயல் நாளில் செல்போன் டவரும் கைவிடும் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியாததா?) மோடத்துக்கான பேட்டரியை இணைப்போடு சேர்த்தே தர வேண்டுமென தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி மாட்டிவிடுங்கள்.