துருவை நம்பாதீர்கள்!

உங்கள் வீட்டுக்காரருக்குப் பழைய பேனாக்கத்தி சேர்க்கும் பிரியம் உண்டா? பிறந்த நாளுக்கு ஒன்றை இணையத்தில் வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரி! அலகில் துரு ஏறியிருப்பதைப் பார்த்தே பழசு என்று நம்பிவிடாதீர்கள். உப்பும் வினிகரும் இருந்தால் துருவை வரவழைத்துவிடலாம்.

அலகு பிடியோடு சேருமிடத்தில் உள்ள முத்திரைதான் கத்தியின் ஜாதகம். அமெரிக்காவின் 'கேஸ்' கத்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் அந்த முத்திரையில் 10 புள்ளிகள் வைத்தார்கள். பிறகு வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஆகவே, 7 புள்ளி என்றால் 1973. மறுபடி 1980-ல் பத்திலிருந்து தொடங்கியபோது, 'எஸ்' எழுத்தை மின்னல் கீற்றுப்போல் மாற்றிவிட்டார்கள். புள்ளி வைத்த கத்தியை ஒருவர் "1950-ம் வருஷத்துச் சரக்கு" என்றால், சிரித்துவிட்டு நகருங்கள்!

புள்ளிகளை அரைத்தெடுத்து வயதைக் கூட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு. முத்திரையைச் சுற்றி மட்டும் எஃகு பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிடி தேய்ந்திருக்க, அலகு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், அலகை மாற்றியிருக்கலாம்.

ஒவ்வோர் அலகின் முத்திரையையும் இரு பக்கமும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவருக்குப் பணம் அனுப்ப நமக்கு மட்டும் என்ன அவசரம்?