"உசுரு பொழச்சதே பெரிசு" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. மார்பகப் புற்றுநோய் பற்றியது. ஆண் பிள்ளைகளும் தாண்டிப் போகாமல் படியுங்கள். நாளைக்கு டாக்டர் முன்னால் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போவது நீங்கள்தான்.

எழுபது வயது அப்பாவுக்குப் பல்செட் கட்டுகிறோம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்து லென்ஸ் வைக்கிறோம். விபத்தில் கால் போனவருக்குச் செயற்கைக்கால் வாங்கித் தருகிறோம். "இந்த வயசுல எதுக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண் அதைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மட்டும், "உசுரு பொழச்சதே பெரிசு" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் அதற்குமேல் அவள் பேச முடியாமல் போகிறது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு 46 வயதில் ஒரு பக்கம் முழுவதும் எடுத்தார்கள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, ஊக்குக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கப் பயம். கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். மறுசீரமைப்பு என்று ஒன்று உண்டு என்பது இரண்டு வருடம் கழித்து, பரிசோதனைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான். வேண்டும், வேண்டாம் என்பது அவள் விருப்பம். ஆனால் வழி இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முழுதாக எடுத்தே ஆகவேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. ஆரம்ப நிலையில் பலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தாலே, உயிரைக் காப்பதில் முழுதாக எடுப்பதற்குச் சமமான பலன் கிடைக்கிறது.

2. சிலிகான் அல்லது உப்புநீர் நிரம்பிய பை வைப்பது. சில சமயம் முதலில் பலூன் போன்ற ஒன்றை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலுக்கு இடம் உண்டாக்குவார்கள். ஆபரேஷன் ஒப்பீட்டில் சிறியது. ஆனால் அந்தப் பை ஆயுளுக்கும் வரும் என்று சொல்ல முடியாது. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குச் சுற்றிலும் இறுகி வலிக்கும் வாய்ப்பு அதிகம்.

3. அவரவர் உடம்பிலிருந்தே, அடிவயிற்றுத் தோலும் கொழுப்புமோ முதுகுச் சதையோ எடுத்து அமைப்பது. தொட்டால் இயல்பாக இருக்கும். ஆனால் பல மணி நேர ஆபரேஷன். தழும்பும் இரண்டு இடத்தில். தேறி எழவும் நாள் பிடிக்கும்.

4. கத்தியே வேண்டாம் என்றால், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான் வடிவம் இருக்கிறது. பருத்தி நூலில் பின்னியதும் உண்டு.

5. ஒன்றுமே செய்யாமல் அப்படியே இருப்பது. இதுவும் மற்றவற்றுக்குச் சமமான முடிவுதான். இதை எடுத்தவளையும் யாரும் வற்புறுத்தக் கூடாது.

திரும்ப அமைப்பதை முதல் ஆபரேஷனோடு சேர்த்தும் செய்யலாம், மாதங்கள், வருடங்கள் கழித்தும் செய்யலாம். அதனால் காலம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இப்படிச் செய்வதால் புற்றுநோய் திரும்ப வரும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அதேசமயம் பழைய தொடு உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. ஒரே ஆபரேஷனில் முடியாமலும் போகலாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் புண் ஆறுவது சிரமம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. மார்பகத்தை எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் தரும் மருத்துவக் காப்பீடு, திரும்ப அமைப்பதற்கும், மறு மார்பகத்தை அதற்கு ஒத்தாற்போல் சரிசெய்வதற்கும், உள்ளாடைக்குள் வைக்கும் வடிவத்துக்கும் சேர்த்தே தரவேண்டும் என்கிறது அது. அதாவது இது அழகுக்காகச் செய்வதல்ல, புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதி. நம் வீடுகளிலும் அப்படித்தான் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா? திரும்ப அமைப்பதானால் எது பொருந்தும், எப்போது? கதிர்வீச்சு தேவைப்படுமா? காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் வரும்? பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டாக்டர் "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்கும்போது மட்டும், கணவரே, மாமியாரே, அண்ணன்மாரே, கொஞ்சம் பேசாமல் இருங்கள். அவள் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்