பெயிண்ட் வாளி தூக்கும் பட்டதாரிகள்

அகதிகளை வேலை செய்ய விட்டால் நாட்டுக்கு லாபமா, நட்டமா? ஏதோ ஐரோப்பாவின் பிரச்சினைபோல இதைத் தள்ளிவைத்துப் பேசுகிறோம். நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்தது யார் என்று விசாரித்தால் விவாதம் வாசலுக்கே வந்துவிடும்.

1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர்களில் 58,822 பேர் முகாம்களில் வாழ்வதாக 2021இல் மாநில அரசு கணக்குச் சொன்னது. முகாம் ஆண்களில் மிகப் பலருக்குப் பெயிண்டிங்தான் தொழில். பொறியியல் முடித்தவர்களும் அதில் உண்டு. அங்கே சான்றிதழ் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அன்றைய கூலி அன்றே கைக்கு வரும், இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கும், ஓரளவு கல்லூரிக்கும் அரசுதான் செலவு செய்கிறது. படித்து முடித்தால் அரசு வேலை கிடையாது, குடியுரிமை இல்லை. தனியார் நிறுவனங்களும் ஆவணங்களைப் பார்த்துத் தயங்குகின்றன. பொதுப் பணத்தில் ஒருவரைப் பொறியாளராக்கி, கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அனுப்புகிறோம்.

அவர்கள் உழைப்பில் லாபம் இல்லாமல் இல்லை. அது காண்ட்ராக்டரிடம் தங்கிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருப்பவர் கூலி பாக்கிக்காக எந்தக் காவல் நிலையத்தில் போய் நிற்பார்? அவர் வாய் திறக்க முடியாததால் பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து வரும் பெயிண்டரின் கூலியும் சேர்ந்து இறங்குகிறது. ‘முகாம்காரன் கூலியைக் கெடுக்கிறான்’ என்ற புலம்பலை இனவெறி என்று நாம் ஒதுக்கக் கூடாது. ஆனால் கூலியைக் கெடுப்பது அந்த மனிதரல்ல, அவரிடம் இல்லாத காகிதம்.

1980இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். மியாமியின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி இருந்தது. உள்ளூர்க்காரர்களின் கூலியும் வேலைவாய்ப்பும் ஏறத்தாழ பாதிக்கப்படவில்லை என்று டேவிட் கார்டு 1990இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி சரிந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் மறுத்தார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. வந்தவர்கள் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. வாடகை கொடுக்கிறார்கள், அரிசி வாங்குகிறார்கள், கடை வைக்கிறார்கள் என்பதையாவது இரு தரப்பும் கணக்கில் எடுத்துத்தான் பேசியாக வேண்டும்.

1983இல் சிறுவனாகக் கனடா போன ஹரி ஆனந்தசங்கரி 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அரசியல் குடும்பத்துப் பிள்ளை, எல்லோருக்கும் அது வாய்க்காது, சரி. விமானச் சீட்டுக்குப் பணமும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்களே பெரும்பாலும் டொராண்டோ வரை போக முடிந்தது. படகுக்கு மட்டும் காசு இருந்தவர்கள் மண்டபத்தில் இறங்கினார்கள். முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள்: இங்கிருந்து தோட்டக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டு, 1948இல் இலங்கைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் வாரிசுகள். அந்த முன்னோர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். பூட்டன் புறப்பட்ட மண்ணுக்குத் திரும்பி வந்த பேரனுக்கு இங்கே பெயர் அயல்நாட்டவர்.

1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை. எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்பது பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. சாதி ஒழிப்புப் பேசுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்குத் தண்டனை இல்லை என ஒன்றிய அரசு 2025இல் விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவே இல்லை. அது மாறும்வரை எந்த வேலைக்கும் போகலாம் என்ற அனுமதியையாவது எழுத்தில் தரட்டும். அதற்கும் காத்திருக்காமல், கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் அடுத்த கூலி உயர்வுக் கோரிக்கையை எழுதும்போது முகாம் பெயிண்டர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதலாம்.