இரண்டாவது குரல்

பீட்டர் கேப்ரியலும் கேட் புஷ்ஷும் 1986-இல் பாடிய ‘டோன்ட் கிவ் அப்’ என்னும் ராக் பாடல், 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் டோரதியா லாங் எடுத்த ஒளிப்படங்களால் தூண்டப்பெற்றது. அது வெளிவந்தபோது பிரித்தானியாவில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர்.

வேலையிழந்தவனின் அவமானத்தை ஆண்குரல் சொல்கிறது. பெண்குரல் அவன் முயற்சியில் குறைகாணாமல், அவனுக்கென உறவுகள் இருப்பதை நினைவூட்டுகிறது. பாடல் முடியும்போதும் அவனுக்கு வேலை கிடைத்திருப்பதில்லை.

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகி, ஆய்வையே கைவிட எண்ணும் மாணவரிடம் விடாமுயற்சியைப் போதிப்பது எளிது. அம்முயற்சிக்கு உடனிருக்கும் ஒருவரும் தேவை என்பதையே இப்பாடல் உணர்த்துகிறது. நெறியாளர்களும் சக ஆய்வாளர்களும் அந்த இரண்டாவது குரலாதல் வேண்டும்.