லயத்துப் பக்கம் திரும்பட்டும் கேமரா

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிற எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நின்றால் சரிவு சரிவாகப் பச்சை. அந்தப் படங்களில் கொழுந்து பறிப்பவர் இருந்தாலும் முகம் தெரியாது.

தேயிலைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது. 1934-இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். அழகான படம்தான். ஆனால் வணிகத்தைப் பற்றிய பகுதியில் கண்ணுக்குத் தெரிவது உழைப்பு, காதில் விழுவது சந்தை நிலவரம். மறு ஆண்டே, அதே பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ லண்டன் குடிசைப் பகுதி மக்களையே பேசவைத்தது. எலியோடும் பூச்சியோடும் வாழ்ந்ததை அவர்களே சொன்னார்கள். பிரிட்டிஷ் சமூக யதார்த்த சினிமாவின் உயிர் அதில்தான் இருக்கிறது: பாடுபடுகிறவர் தன் கதையைத் தன் பேச்சிலேயே சொல்வது.

1969-இல் வந்த கென் லோச்சின் ‘கெஸ்’ அந்த வழிப் படம். பார்ன்ஸ்லி என்ற நிலக்கரி ஊர், வல்லூறு வளர்க்கும் சிறுவன். நடித்தவனும் அந்த ஊர்ப் பையனே. இவன் போகுமிடம் சுரங்கம்தான் என்று ஊர் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. லோச் பிரசங்கம் செய்யவில்லை. வீடு, பள்ளிக்கூடம், வேலைக்கான நேர்காணல் என்று அன்றாடத்தைக் காட்டியே அதை உணர்த்திவிடுகிறார்.

மலேசியத் தமிழர்களான நமக்கும் அப்படியொரு படம் வாய்த்தது: சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்குக் கம்பத்தில் ஒதுங்கிய குடும்பம். படித்து முன்னேறு என்று மல்லுக்கட்டும் அப்பா, குண்டர் கும்பலில் சித்தப்பா, நடுவில் அப்போய் என்ற சிறுவன். நம் மலேசியத் தமிழ் மெருகு பூசாமல் ஒலித்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் பெற்றது.

அப்படியொரு படம் இந்த மலையிலிருந்தும் வர வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், பெரட்டு எனும் காலை ஆளெடுப்பும், லயம் எனும் வரிசை வீடுகளும், கொழுந்து நிறுவையுமாக நம்மவர்களின் தலைமுறைகள் இங்கே கழிந்தன. பிள்ளைகள் பலர் நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள்.

இங்கே படம் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தாத்தா பாட்டியின் துயரத்தை அவசியம் எடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். நம்மைப் பேச விடவில்லை என்ற நம் கோபம் நியாயமானது என்றால், நம்மிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டவருக்கும் அந்த நியாயம் உண்டு. அவர் மொழி நமக்குப் புரியாவிட்டால் திரையின் கீழே எழுத்துப் போடுங்கள். அவர் குரலை மாற்றாதீர்கள்.