இரு பாதைக்கு ஒரு வண்டி

கைப்பேசிச் செயலி இயற்றும் தொழிலைத் தம் மக்கள் கற்க வேண்டுமென விரும்பும் இல்லங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. பயிற்சி நிலையங்களோ பல பெயர்களைச் சொல்லி அழைக்கின்றன, கட்டணமும் சிறிதன்று. எதற்குப் பணம் கட்டுவது? இத்திங்கள் இதனை ஆராய்வோம்.

இருப்புப்பாதைத் தொழிலில் உள்ள நமக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். அகலப்பாதையின் அளவு 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையின் அளவு 1,000. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. பாதை மாறும் நிலையங்களில் சரக்கை இறக்கி மறுவண்டியில் ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அத்தகைய இரு பாதைகளே. முன்னதற்குக் கோட்லின் மொழியிலும் பின்னதற்கு ஸ்விஃப்ட் மொழியிலுமாக, ஒரே செயலியை இருமுறை எழுத நேர்கின்றது. ஒருமுறை எழுதி இரண்டிலும் ஓட்டுவதற்கென எழுந்த கருவிகள் பல. அவற்றுள் மூன்றினை இங்கே ஒப்பிடுவோம்.

ரியாக்ட் நேட்டிவ் 2015-இல் பேஸ்புக் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. இதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட். திரையில் தோன்றும் பொத்தான் முதலியன அந்தந்தக் கைப்பேசிக்கு உரியவையே. இணையதளங்களுக்கும் இம்மொழியே பயன்படுவதால், கைப்பேசித் தொழில் கிட்டாவிடினும் கற்ற கல்வி வீண்போகாது. ஆயினும் பிறர் எழுதிய துணைநிரல்கள் பலவற்றைச் சார்ந்து நிற்பதால், பதிப்பு மாறும்போது செப்பனிடும் வேலை மிகுதி.

ஃபிளட்டர் கூகுள் நிறுவனத்தாரது. முதல் நிலைப்பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. மொழி டார்ட். இது திரை முழுவதையும் தானே வரைந்துகொள்கின்றது. ஆதலின் இருவகைக் கைப்பேசியிலும் தோற்றம் ஒன்றாகவே அமையும். ஆனால் டார்ட் மொழிக்கு ஃபிளட்டருக்கு வெளியே வேலை குறைவு.

மூன்றாவது, ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தாரின் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். 2023 நவம்பரில் நிலைபெற்ற இது, கணக்கீடு முதலிய உட்பகுதியைப் பொதுவாக எழுதி, வேண்டின் திரையை மட்டும் தனித்தனியே அமைக்க இடந்தருகின்றது. ஆண்ட்ராய்டுத் தொழிலை முன்னரே அறிந்தோர்க்கு இது பொருந்தும்.

சாமரின் என்னும் கருவியின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கிற்று; 2024 மே முதல் நாளோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதனிடத்தில் மௌயி என்னும் புதுக்கருவி வந்தது. இரண்டிற்கும் மொழி சீ ஷார்ப் ஒன்றே. ஆகவே மொழியை ஆழக் கற்றவர்க்கு அக்கல்வி புதுக்கருவியிலும் கைகொடுக்கும். பழைய கருவியின் பழக்கம் மட்டும் உடையவர்க்கு அவ்வுதவி இல்லை.

செலவையும் எண்ணிப் பார்ப்போம். மேற்கூறிய மூன்று கருவிகளும் விலையின்றிக் கிடைப்பவை. சாதாரணக் கணிப்பொறியும் ஓர் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியும் இருப்பின் கற்கத் தொடங்கலாம். ஐபோனுக்குரிய செயலியை உருவாக்க மட்டும் மேக் கணிப்பொறி, சொந்தமாகவோ வாடகைக்கோ வேண்டும். செயலியைக் கடையில் வெளியிட ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலரும், கூகுள் ஒரே முறை 25 டாலரும் பெறுகின்றன.

நம் கருத்து இதுவே. எதையும் கல்லாத இளைஞர் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கி ரியாக்ட் நேட்டிவுக்குச் செல்வது இழப்புக்கு இடம் குறைந்த வழி. விரைவில் ஒரு செயலியை அழகுற முடிக்க விழைவோர் ஃபிளட்டரை நாடலாம். எதுவாயினும், இரண்டு திங்கள் வீட்டிலேயே முயன்று, ஆர்வம் நிலைக்கின்றதா எனக் கண்ட பின்னரே கட்டணம் செலுத்துக. செலுத்துமுன், "மொழியைக் கற்பிக்கிறீர்களா, கருவியை மட்டுமா?" என்று கேட்டுவிடுக.